கதை பிறக்கும் முன்பே விளம்பரம்!
"சந்திரலேகா" எடுத்த எஸ். எஸ். வாசன்

கதை இல்லை. வசனம் இல்லை. ஒரு காட்சிகூட எடுக்கவில்லை. ஆனால், படத்துக்கு விளம்பரம் வந்துவிட்டது!

1943-ம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்த நேரம். ஜெமினி ஸ்டூடியோவின் அடுத்த படம் "சந்திரலேகா" என்று அறிவிப்பு வெளியாயிற்று.

அறிவித்தவர், ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசன். அப்போது அவர் கையில் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்!

அந்தப் பெயரைப் படமாக்க அவர் 5 ஆண்டு பாடுபட்டார். சொத்து முழுவதையும் பணயம் வைத்தார்.

எழுத்துக்கு 25 ரூபாய்

வாசனின் சொந்த ஊர், தஞ்சைச் சீமையைச் சேர்ந்த திருத்துறைப்பூண்டி. இயற்பெயர் சீனிவாசன்.

சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தை காலமாகிவிட்டார். தாயார் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். பச்சையப்பன் கல்லூரியில் படித்தார். ஆனால் படிப்பை முடிக்கவில்லை. பிழைப்புத் தேடிப் புறப்பட்டார்.

பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரித்துக் கொடுத்தார். தபால் மூலம் சாமான்கள் விற்றார். எந்தச் சொல்லைப் போட்டால் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதை அந்தத் தொழில்தான் அவருக்குக் கற்றுக் கொடுத்தது.

அப்போது "ஆனந்த விகடன்" என்ற மாதப் பத்திரிகை நடக்க முடியாமல் திணறியது. 1928-ல் வாசன் அதை வாங்கினார். விலை என்ன தெரியுமா? பெயரில் உள்ள ஓர் எழுத்துக்கு 25 ரூபாய். எண்ணிப் பாருங்கள், 8 எழுத்து. மொத்தம் 200 ரூபாய்!

பெயருக்கு மதிப்பு உண்டு என்று அவர் நம்பினார். பரிசுப் போட்டி, நகைச்சுவை, தொடர்கதை என்று புதுப்புது அம்சங்களைச் சேர்த்தார். பத்திரிகை வீடு வீடாகப் பரவியது.

அதில் வாசன் எழுதிய "சதி லீலாவதி" என்ற கதை 1936-ல் படமாக வந்தது. எம். ஜி. ஆர். நடித்த முதல் படம் அதுதான்.

பிறகு வாசன் படங்களை வாங்கி வெளியிடும் தொழிலில் இறங்கினார். டைரக்டர் கே. சுப்பிரமணியத்தின் ஸ்டூடியோ தீ விபத்துக்குப் பிறகு ஏலத்துக்கு வந்தது. அதை எடுத்து, 1940-ல் ஜெமினி ஸ்டூடியோவைத் தொடங்கினார். இரட்டைக் குழந்தைகள் ஊதுகுழல் ஊதும் காட்சியை அதன் சின்னமாக வைத்தார். படிக்கத் தெரியாதவர்களும் அந்தச் சின்னத்தைப் பார்த்தவுடன், "இது ஜெமினி படம்" என்று தெரிந்து கொண்டார்கள்.

தட்டி வண்டியும் பாட்டுப் புத்தகமும்

அந்தக் காலத்தில் ஒரு படம் ஊருக்கு வந்தால் எப்படித் தெரியும்?

மாட்டு வண்டி ஒன்று புறப்படும். இரண்டு பக்கமும் படம் ஒட்டிய தட்டி. முன்னால் பேண்டு வாத்தியம் அல்லது தப்பட்டை. வண்டியில் இருப்பவர் வண்ண வண்ண நோட்டீசுகளை வீசிக்கொண்டே போவார். பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். தாமிரபரணிக் கரை ஊர்களிலும் இந்தக் காட்சியைக் கண்டவர்கள் உண்டு.

கொட்டகை வாசலில் தோரணம் கட்டுவார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் படத்தின் காட்சிகளைப் புகைப்படங்களாக மாட்டியிருப்பார்கள். டிக்கெட் வாங்கக் காசு இல்லாதவர்கள் அவற்றைப் பார்த்தே கதையை ஊகித்துக் கொள்வார்கள். உள்ளே பாட்டுப் புத்தகம் விற்பார்கள்.

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு இன்னும் பெரிய அளவில் நடந்தது. 1939-ல் "கான் வித் த விண்ட்" படம் அட்லாண்டா நகரில் வெளியானபோது, தியேட்டரின் முகப்பையே தூண்கள் வைத்த பழைய மாளிகை போல மாற்றிவிட்டார்கள். அந்தப் படத்தின் கதாநாயகியைத் தேடுகிறோம் என்று முன்பே நாடு முழுவதும் பரபரப்பு ஊட்டினார்கள். படம் வருவதற்கு முன்பே ஜனங்கள் அதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

வாசனும் அதையே செய்தார். ஆனால் அவர் தேடியது கதாநாயகியை அல்ல, கதையை!

மூக்கை அறுக்கும் கதை

1942-ல் "பாலநாகம்மா" என்ற தெலுங்குப் படம், 1943-ல் "மங்கம்மா சபதம்" என்ற தமிழ்ப் படம். இரண்டும் வாசனுக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தன. அடுத்ததை இவற்றைவிடப் பிரமாண்டமாக எடுக்க வேண்டும் என்று நினைத்தார்.

ஜெமினியின் கதை இலாகாவினர் ஒரு கதை கொண்டு வந்தனர். துணிச்சல்காரப் பெண் ஒருத்தி, கொள்ளைக்காரனின் மூக்கை அறுத்து, அதில் மிளகாய்ப் பொடியைத் தூவுகிறாள் என்பது கதை. வாசனுக்கு அது பிடிக்கவில்லை. கதையை ஒதுக்கினார். ஆனால் அந்தப் பெண்ணின் பெயர் பிடித்துவிட்டது. சந்திரலேகா!

அந்தப் பெயரை வைத்தே விளம்பரத்தைத் தொடங்கிவிட்டார்.

மேலப்பாளையம் கால்நடைச் சந்தை திருநெல்வேலிச் சீமையில் பேர் போனது. எந்தச் சந்தையிலும் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பைச் சீவி, மணியைக் கட்டித்தான் கொண்டு வருவார்கள். அது வியாபாரம். வாங்குகிறவர் மணியைப் பார்த்து அருகே வருவார். ஆனால் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் விலை பேசுவார். வாசன் என்ன செய்தார்? மாடு வாங்குவதற்கு முன்பே மணியை ஆட்டிவிட்டார்!

மாதங்கள் ஓடின. கதை அமையவில்லை. வாசன் பொறுமை இழந்தார். "சந்திரலேகா"வைக் கைவிட்டு, "அவ்வையார்" படத்தை எடுக்கலாமா என்றுகூட யோசித்தார். இன்னும் ஒரு வாரம் மட்டும் தவணை கொடுத்தார்.

கதை இலாகாவைச் சேர்ந்த வேப்பத்தூர் கிட்டுவுக்கு, ரெயினால்ட்ஸ் எழுதிய ஓர் ஆங்கில நாவல் வழி காட்டியது. கொள்ளைக்காரன் ஒருவன் வண்டியை வழிமறித்து, அதில் வந்த பெண்ணை நடனம் ஆடச் சொல்கிறான். அந்த ஒரு காட்சியிலிருந்து, அரியணைக்கும் ஒரு பெண்ணுக்கும் போட்டியிடும் இரண்டு ராஜகுமாரர்களின் கதை உருவாயிற்று.

அடமானத்தில் சொத்து

போரினால் பிலிம் சுருளுக்குக் கடும் தட்டுப்பாடு. படம் 11 ஆயிரம் அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு விதித்தது. காகிதமும் கிடைக்கவில்லை.

போர் 1945-ல் முடிந்தது. "சந்திரலேகா" முடியவில்லை!

டி. ஆர். ராஜகுமாரி, எம். கே. ராதா, ரஞ்சன் நடித்தார்கள். பாதியில் டைரக்டர் டி. ஜி. ராகவாச்சாரிக்கும் வாசனுக்கும் கருத்து வேற்றுமை ஏற்பட்டது. அவர் விலகினார். அதுவரை டைரக்ட் செய்து பழக்கமில்லாத வாசன், தாமே அந்தப் பொறுப்பை ஏற்றார்.

சர்க்கஸ் கம்பெனிகளை ஸ்டூடியோவுக்கே கொண்டு வந்தார். முரசு நடனத்துக்காக 400 நடனக்காரர்கள் மாதக் கணக்கில் ஒத்திகை பார்த்தனர். பெரிய பெரிய முரசுகளின் மீது பெண்கள் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள் ஒளிந்திருக்கும் வீரர்கள் வெளியே பாய்வார்கள்!

செலவு சுமார் 30 லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அதை வைத்துப் பல படங்கள் எடுக்கலாம். வாசனின் கைப்பணம் கரைந்தது. சொத்துக்களை அடமானம் வைத்தார். நகைகளை விற்றார். நண்பர்களிடம் கடன் வாங்கினார்.

நிறுத்தியிருக்கலாம். பெரிய படம் வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. சிறிய படத்தைக் காட்டினால் அடுத்த முறை யார் நம்புவார்கள்?

வடக்கே போன தமிழ்ப் படம்

1948 ஏப்ரல் 9-ந் தேதி படம் வெளியாயிற்று. தென்னாட்டில் ஒரே சமயத்தில் 40 தியேட்டர்களுக்கு மேல் திரையிடப்பட்டது. கூட்டம் திரண்டது. ஆனால் போட்ட பணம் முழுவதும் தமிழ்நாட்டிலிருந்தே திரும்பி வரவில்லை.

வாசன் சோர்ந்துவிடவில்லை. இந்தியில் தயாரித்து, அதே ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி வெளியிட்டார். வடநாட்டுப் பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரங்கள், நகரங்களில் பெரிய பெரிய சுவரொட்டிகள் என்று அமர்க்களப்படுத்தினார். எல்லா மொழிகளுக்கும் சேர்த்து சுமார் 600 பிரதிகள் எடுக்கப்பட்டன.

முரசு நடனத்தைக் கண்டு வடநாடு வியந்தது. கடன் தீர்ந்தது. சென்னையில் எடுத்த படத்துக்கு இந்தியா முழுவதும் சந்தை உண்டு என்பது உறுதியாயிற்று. மற்றத் தமிழ்ப் பட முதலாளிகளும் பிறகு அந்த வழியில் நடந்தார்கள்.

அதன் பின்னரும் வாசனின் வித்தைகள் ஓயவில்லை. கே. பி. சுந்தராம்பாள் நடித்த "அவ்வையார்" 1953-ல் வந்தது. 1955-ல் வந்த "இன்சானியத்" இந்திப் படத்தில், ஜிப்பி என்ற அமெரிக்கச் சிம்பன்சிக் குரங்கை நடிக்க வைத்தார்.

ராஜ்ய சபை உறுப்பினராகவும் வாசன் இருந்தார். 1969-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி காலமானார்.

ஸ்டூடியோ இன்று இல்லை. ஆனாலும், அதன் அருகே 1973-ல் கட்டிய அண்ணா மேம்பாலத்தைச் சென்னை மக்கள் இன்னும் "ஜெமினி பாலம்" என்றே சொல்கிறார்கள்.

விளம்பரம் என்பது ஜனங்களிடம் வாங்கும் கடன். வாசன் கடனை முதலில் வாங்கினார். 5 ஆண்டு கழித்து, வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தார்!