துணிக்கடைக்காரர் கண்ட புது உலகம்

கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் நம்மைச் சுற்றிலும் இருக்கின்றன. நம் வாய்க்குள்ளும் இருக்கின்றன. இன்று பள்ளிச் சிறுவனும் இதை அறிவான். ஆனால், முதன்முதலில் அவற்றைக் கண்டவர் யார்? பட்டம் பெற்ற மருத்துவரா? பல்கலைக் கழகப் பேராசிரியரா? இல்லை. துணி அளந்து விற்ற ஒரு கடைக்காரர்! உழைக்கும் தோழர்கள் அவர் வரலாற்றை அறிந்திட வேண்டுமென விரும்புகிறோம்.

ஆன்டனி வான் லூவன்ஹூக் 1632-ஆம் ஆண்டு ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தார். தகப்பனார் கூடை முடைபவர். மகன் சிறுவனாக இருந்தபோதே அவர் மறைந்தார். பதினாறாம் வயதில் ஆம்ஸ்டர்டாம் நகரத் துணிக்கடை ஒன்றில் தொழில் பழகச் சென்ற லூவன்ஹூக், 1654-இல் ஊர் திரும்பிச் சொந்தக் கடை வைத்தார்.

இழைகளை எண்ணித் துணியின் தரம் பார்க்கத் துணி வணிகர்கள் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். லூவன்ஹூக் தம் கையாலேயே கண்ணாடி வில்லைகளைச் செய்யக் கற்றார். கடுகளவு வில்லையை இரு உலோகத் தகடுகளுக்கு நடுவே பொருத்தினார். இன்று எஞ்சியுள்ளவற்றுள் ஒன்று பொருளை ஏறத்தாழ 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது!

குருதியின் சிவப்பணுக்களைக் கண்டார். செடியின் தண்டைச் சீவி, உள்ளே நீர் ஏறும் குழாய்களைக் கண்டார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்றறிய, 1676-இல் மிளகு ஊறிய நீரைச் சோதித்தார். காரத்தின் காரணம் கிடைக்கவில்லை, கிடைத்தவையோ பாக்டீரியாக்கள்!

அன்று அறிஞர் மொழி லத்தீன். அவருக்கு அது தெரியாது. தாய்மொழியான டச்சிலேயே லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அறிஞர்கள் ஐயுற்றனர். அவர் கோபித்து ஒதுங்கவில்லை. கண்ணால் கண்ட ஊர்ப் பெரியவர்களின் சாட்சிக் கடிதங்களை அனுப்பினார். தக்கையில் சிறு அறைகளைக் கண்டு அவற்றுக்கு 'செல்' எனப் பெயரிட்ட ராபர்ட் ஹூக், 1677-இல் தாமே சோதித்து, அந்த உயிர்களைச் சபையோருக்குக் காட்டினார். ஐயம் அகன்றது. 1680-இல் அதே சபை துணிக்கடைக்காரரை உறுப்பினராக்கிப் பெருமை பெற்றது. 1683-இல் தம் பல்லின் அழுக்கிலும் பாக்டீரியாக்கள் நெளிவதைக் கண்டு எழுதினார்.

அவரிடம் ஒரு குறையும் உண்டு. அதை மறைக்க மாட்டோம். தமது சிறந்த முறையை அவர் எவருக்கும் கற்பிக்கவில்லை. 1723-இல், தொண்ணூறு வயதில் அவர் மறைந்தபோது அந்த இரகசியமும் அவரோடு போயிற்று. ஒரு பாக்டீரியா ஒரு நோயை உண்டாக்குகிறது என்பதை ராபர்ட் காக் 1876-இல் ஆந்த்ராக்ஸ் நோயைக் கொண்டு நிலைநாட்டினார். மிளகு நீரைப் பார்த்து இருநூறு ஆண்டுகள்! இடையில் மாண்டவர்கள் எத்தனை பேர்!

உழைக்கும் கைக்கு அறிவு எட்டாக் கனியல்ல. ஆனால், எட்டிய அறிவை ஒளித்து வைக்கலாகாது. அறிந்ததை அடுத்தவருக்குச் சொல்வோம்!