திணை கடந்த பரிவு

மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்கு அணித்தே, சொக்கப்ப நாயக்கன் தெருவில், இரமண மந்திரம் என்னும் பெயரில் இன்று வழிபாட்டிடமாக விளங்கும் வீடு ஒன்று உண்டு. 1896ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள், அவ்வீட்டில் வாழ்ந்த பதினாறு வயது மாணவர் ஒருவர், பள்ளியில் தனிவகுப்பு இருப்பதாகத் தமையனாரிடம் கூறிவிட்டுப் புறப்பட்டார். மதுரைக்குப் பிறகு அவர் திரும்பவே இல்லை. தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்கென வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டோடு ஒரு கடிதத்தையும் வைத்துச் சென்றார்.

அக்கடிதம் தமிழ் பயின்றோர் ஊன்றி நோக்கத்தக்கது. தந்தையைத் தேடிப் போவதாகச் சொல்லும் முதல் தொடர் நான் என்னும் தன்மைப் பெயரில் தொடங்குகிறது. அடுத்த தொடரிலேயே அந்த நான் மறைந்து, எழுதியவர் தம்மையே இது என்று அஃறிணைச் சுட்டால் குறித்துக்கொள்கிறார். எவரும் வருந்த வேண்டாம், தேடிப் பணம் செலவிட வேண்டாம் என்று வேண்டிய பின், கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டுமே இருக்கிறது. தம்மை அஃறிணையாக்கிக்கொண்ட இந்த இளைஞரே பின்னாளில் நாயையும் பசுவையும் உயர்திணையில் அன்றி வேறு திணையில் சுட்ட மறுத்த இரமண மகரிசி ஆவார்.

இரமணர் 1879ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 30ஆம் நாள், ஆருத்திரா தரிசனத்தை ஒட்டித் திருச்சுழியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். தந்தையார் சுந்தரமையர் அவ்வூர் வக்கீல், தாயார் அழகம்மை. 1892இல் தந்தையார் மறைந்ததும் குடும்பம் பிரிந்தது. தாயாரும் இளைய பிள்ளைகளும் மானாமதுரைக்குச் செல்ல, வேங்கடராமனும் தமையனார் நாகசாமியும் சிற்றப்பா சுப்பையரின் மதுரை வீட்டுக்கு வந்து சேர்ந்தனர். ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும் பிறகு அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தார். படிப்பைக் காட்டிலும் விளையாட்டிலேயே நாட்டம் மிகுதி. கோயிலுக்கு வடக்கே சிம்மக்கல்லையும் யானைக்கல்லையும் கடந்தால் வைகை மணல். வீட்டார் உறங்கிய பின் நண்பர்களோடு ஆற்றுக்குப் போய் ஆடிவிட்டு வந்து படுப்பது அவர்தம் வழக்கம்.

1896 சூலைத் திங்களின் இடையில் அவ்வீட்டு மாடியறையில் தனித்திருந்தபோது, நோய் ஏதுமின்றியே சாவச்சம் அவரைப் பற்றியது. அவர் எவரையும் அழைக்கவில்லை. கைகால்களை நீட்டி, வாயை மூடிப் பிணம்போற் கிடந்து, சாவது எது என்று தமக்குள்ளேயே ஆய்ந்தார். உடம்பு வேறு, தான் வேறு என்ற தெளிவு அப்பொழுது உறுதிப்பட்டது. ஆறு வாரங்களுக்குப் பின் எழுதிய கடிதத்தில் உடம்பு இது ஆனதற்குக் காரணம் இந்நிகழ்ச்சியே. செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தார்.

வருந்த வேண்டாம் என்று எழுதுவது எளிது. பெற்றவளுக்கு அது இயலுமா? 1898 திசம்பரில் அழகம்மை பவழக்குன்றுக்கு வந்து, மகன் உடன்வர வேண்டுமென்று நாள்தோறும் அழுதார். மகன் வாய்திறக்கவில்லை. அருகிலிருந்தோர் வற்புறுத்தியபின், அவரவர் வினைப்படி நடப்பது நடக்கும் என்னும் கருத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தாயார் வெறுங்கையோடு திரும்பினார். இரமணரின் வாழ்க்கையில் படிப்போர் நெஞ்சை உறுத்தும் இடம் இது. இதனை மட்டும் கண்டு அவரைக் கல்நெஞ்சர் என்று முடிவுகட்டியவரும் உளர். அவர்கள் விரூபாட்ச குகையின் நாய்களை அறியாதவர்கள்.

1899 முதல் 1916 வரை இரமணர் அக்குகையில் வாழ்ந்தார். அந்நாளில் கரிய நாய் ஒன்று புதர்களுக்கிடையே தலைகாட்டி மறையும், எவரோடும் ஒட்டாது. அதன் தனிமையை மதித்து, உணவை அதன் இருப்பிடத்தருகே வைத்துவிட்டு அவர்கள் விலகிவிடுவர். ஒருநாள் மலையேறும் வழியில் அந்நாய் குறுக்கே பாய்ந்துவந்து வாலைக் குழைத்து இரமணர்மேல் தாவியது. அன்று முதல் அது குகைவாசிகளுள் ஒருவனாயிற்று. சின்னக் கருப்பன் என்று பெயர் பெற்றது. வருவோர் மடியிலெல்லாம் ஏறிச் சுருண்டுகொள்வான். விலகு என்றால் விலகிவிடுவான்.

இங்கே நடை தானாகவே அது என்பதிலிருந்து அவன் என்பதற்கு மாறிவிட்டது. இரமணரின் பேச்சில் முதலிலிருந்தே அவன்தான். விலங்குகளை அவர் அது என்று சுட்டியதே இல்லையென்று உடனிருந்தோர் எழுதியுள்ளனர். பையன்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று அவர் வினவினால், அது நாய்களைப் பற்றிய வினா என்பது ஆசிரமத்தார்க்குத் தெரியும். முதலில் நாய்களுக்கும், அடுத்து இரவலர்க்கும், அதன் பின்னரே அடியார்க்கும் உணவிடுவது அங்கு முறையாக இருந்தது.

தொல்காப்பியர் மக்களை உயர்திணையாகவும் ஏனைய அனைத்தையும் அஃறிணையாகவும் வகுத்தார். எனினும் அன்பு இந்த வரம்பை மீறும் என்பதை இலக்கணிகள் அறிந்தே இருந்தனர். உவப்பினால் திணை மயங்குவதை நன்னூலார் வழுவமைதியாக ஏற்கிறார். தன் பசு வரக் கண்டவன் தன் தாயே வந்துவிட்டாள் என்று கூறுவதை உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டுவர். வழுவமைதி என்ற பெயரிலேயே வழு உண்டு. பிழைதான், பொறுத்துக்கொள்வோம் என்பது அதன் பொருள். இரமணர் வழக்கு அத்தகையதன்று. ஒரு கணத்து உவகையில் நாவு தவறிச் சொன்ன சொல்லாக அது இல்லை. ஐம்பது ஆண்டுகள் இடையறாது வழங்கிய வழக்கு அது. மதுரையிலேயே தம் உடம்பை இது என்று ஒதுக்கியவருக்கு, மனித உடம்பை மட்டும் உயர்திணையாக்க ஏது இல்லாமற் போயிற்று எனலாம்.

சின்னக் கருப்பன் பிரிந்த கதை துன்பமானது. குகையருகே வில்வமரத்தடியில் ஆசாரமிக்க அந்தணர் ஒருவர் மந்திரம் ஓதிக்கொண்டிருந்தார். நாய் தீண்டல் ஆகாதென்று அவர் விலக, கருப்பன் விடாது நெருங்கினான். அவருடைய மனம் நோகுமே என்றெண்ணிக் குகைவாசி ஒருவர் கோலை எடுத்து மெல்ல அடித்தார். வலி பெரிதாயிருக்க நியாயமில்லை. கருப்பன் ஓலமிட்டு ஓடினான். பின்னர் அவனை எவரும் காணவில்லை.

இதற்கு முன்பே எச்சரிக்கைகள் இருந்தன என்பதை இரமணர் மறக்கவில்லை. அணுக்கத் தொண்டரான பழனிசாமி ஒருமுறை கடிந்து பேசியதற்காக, மழையும் குளிருமான ஓர் இரவு முழுதும் கருப்பன் தொலைவில் ஒரு கரிமூட்டையின்மேல் கிடந்தான். காலையில்தான் அவனை அழைத்துவர முடிந்தது. அதற்கும் சில ஆண்டுகளுக்கு முன், பழனிசாமி திட்டிய சிறு நாயொன்று நேரே சங்கதீர்த்தத்துக்கு ஓடியது. சிறிது நேரத்தில் அதன் உடல் நீரில் மிதந்தது. விலங்குகளுக்கும் தமக்கென அறிவும் நெறியும் உண்டு, அவற்றிடம் முரட்டுத்தனம் கூடாது என்று அப்போதே அனைவர்க்கும் உணர்த்தியிருந்தார். கோலெடுத்தவர் கருப்பனின் மானத்தை அறியத் தவறினார் என்பதே அவர் கருத்து. பிற்காலத்தில் அடியார்க்கு அவர் இக்கதையைக் கூறியபோது, முதுகிலேற்ற அடி முதல் கரிமூட்டை வரை ஒன்றும் விடுபடவில்லை. துயரம் என்று அவர் பெயரிடவில்லை. ஆயினும் ஒரு நாயின் குணங்களை இத்துணை நுணுக்கமாக நினைவில் வைத்திருப்பதற்கு வேறு என்ன பெயர் இடுவது?

அந்நாய்களின் உடம்பில் சித்தர்கள் குடியிருந்தனர் என்று விளக்குவோர் உண்டு. எந்த உயிர் எந்த உடம்பில் வந்துளதென யாரறிவார் என்னும் பொருள்பட இரமணரும் பேசியதுண்டு. அதைப் பற்றிக்கொண்டு கருப்பனைச் சித்தராக்குவது அவனைக் குறைப்பதாகவே முடியும். மதிக்கப்படுவதற்கு நாய் நாயாக இருந்தாலே போதும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், எருமை நிரையைக் காத்துப் பட்ட வீரனுக்கு எடுத்த 7ஆம் நூற்றாண்டு நடுகல்லில், அவனுடைய நாயும் வடிக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அதன் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு பொறித்துவைத்தது. அந்த மண்ணுக்கு நாயின் பெயரைக் காத்துவைப்பது புதிதன்று.

இறப்போர் அருகில் இரமணர் இருந்த முறையும் கருதத்தக்கது. 1915இல் பழனிசாமி இறக்கும்போது அவர் மார்பில் கைவைத்திருந்தார். உயிர் ஒடுங்கிவிட்டதென்று கையை எடுத்த அளவில் கண்கள் திறந்துகொண்டன. அம்முயற்சி நிறைவேறவில்லை என்று கருதினார். ஒருகாலத்தில் வாய்திறவாது திருப்பியனுப்பிய தாயாரை 1916 முதல் உடன் வைத்துக் காத்தவரும் அவரே. 1922 மே 19ஆம் நாள் அழகம்மையின் நெஞ்சில் ஒரு கையும் தலையில் ஒரு கையுமாக ஏறத்தாழப் பன்னிரண்டு மணிநேரம் அமர்ந்திருந்தார். மூச்சு நின்ற பின்னும் சிறிதுநேரம் கையை எடுக்கவில்லை. மலையடிவாரத்தில் எழுந்த அன்னையின் சமாதியைச் சுற்றியே இரமணாசிரமம் வளர்ந்தது.

அங்கு வளர்ந்த நாய்களுள் ஜாக்கி ஒருவன். கூடத்தில் இரமணரையே நோக்கியபடி அமைதியாக அமர்ந்திருப்பான். அவன் நோயுற்றபோது, தமக்கருகே மெத்தென்ற படுக்கை இட்டுக் கவனித்துக்கொண்டார். நோய் முற்றி நாற்றம் எழுந்தபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை. இறுதிக் கணத்தில் கைகளில் ஏந்தி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஜாக்கி அடங்கியதும் ஆசிரம எல்லைக்குள்ளேயே அடக்கம் செய்வித்துச் சமாதி எழுப்பச் செய்தார். வள்ளி என்ற மானுக்கும் ஒரு காகத்துக்கும் அவ்வாறே சமாதிகள் அமைந்தன.

இவ்வளவும் கண்ணீர் கலவாத கடமையோ என்று ஐயுறலாம். கணவனையும் மக்களையும் அடுத்தடுத்து இழந்து அவரிடம் அடைக்கலம் புகுந்த எச்சம்மாள், பின்னர் வளர்ப்பு மகளும் இறந்த தந்தியோடு மலையேறி ஓடிவந்தபோது, அதைப் படித்த இரமணரின் கண்கள் நிறைந்தன. மகள் விட்டுச்சென்ற குழந்தையை எச்சம்மாள் கொண்டுவந்து அவர் கைகளில் இட்டபோதும் அப்படியே. உடம்பு வேறென்று தெளிந்தவருக்கு அழுகை ஏன் என்று வேதாந்திகள் வினவலாம். பிறர் துயரை விளக்கத்தால் துடைக்க அவர் முயலவில்லை என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

இலட்சுமி என்னும் பசு 1926இல் குடியாத்தத்தை அடுத்த குமாரமங்கலத்திலிருந்து கன்றாக வந்தாள். சில திங்களுக்குப் பின் நகரில் ஒருவர் வீட்டில் வளர்ந்து, நாள்தோறும் தானே வழியறிந்து ஆசிரமம் வந்து இரமணரைக் கண்டு மாலையில் திரும்புவாள். மலைமேல் அவருக்குக் கீரை பறித்துச் சமைத்தளித்த கீரைப்பாட்டியே பசுவாக வந்தாள் என்பது அடியார் நம்பிக்கை. 1948 சூன் 18ஆம் நாள் காலை, இறுதி நெருங்கியதறிந்து, இரமணர் தொழுவத்துக்குச் சென்றார். அவள் முகத்தைக் கைகளில் தாங்கி, கன்னத்தோடு கன்னம் வைத்தார்; தலையிலும் நெஞ்சிலும் கைவைத்து அமர்ந்திருந்தார். பதினொன்றரை மணியளவில் இலட்சுமி அடங்கினாள். மான், காகம், நாய் ஆகியவற்றின் சமாதிகளை அடுத்து முழுச் சடங்குகளோடு அவளைப் புதைத்தனர்.

அன்று இரமணர் வெண்பா ஒன்று இயற்றினார். பாரிக்குக் கபிலரும் அதியமானுக்கு ஔவையாரும் பாடிய கையறுநிலை மரபில் அது அமையவில்லை; புலம்பல் அதில் இல்லை. சர்வதாரி ஆண்டு, ஆனித் திங்கள், வளர்பிறைத் துவாதசி, வெள்ளிக்கிழமை, விசாகம் என்று பசு முத்தியடைந்த நாளை மட்டும் அது குறிக்கிறது. துறவியர் சமாதியடைந்தால் குருபூசைக்கென நாள் குறித்து வெண்பா எழுதுவது தமிழ்நாட்டு மடங்களின் வழக்கம். அவ்வடிவத்தை ஒரு மாட்டுக்கு அளித்தார் என்பதில்தான் கவிஞர்கள் நின்று நோக்க வேண்டிய செய்தி உள்ளது. பாட்டிலுள்ள முத்தி என்னும் சொல் மங்கல வழக்கா, மெய்ப்பொருளா என்று அடியார் ஒருவர் ஐயுற்று வினவியபோது, மெய்ப்பொருளே என்று அவர் தெளிவுறுத்தினார்.

1950 ஏப்பிரல் 14ஆம் நாள் இரவு 8.47 மணிக்கு இரமணர் மறைந்தார். அவருடைய சமாதி அன்னையின் கோயிலை ஒட்டி அமைந்துள்ளது. இலட்சுமி, வள்ளி, காகம், ஜாக்கி ஆகியோரின் சமாதிகள் அதே வளாகத்தில் ஒருசேர உள்ளன. அவ்வரிசையில் சின்னக் கருப்பன் இல்லை.