பார்க்காமலே வரைந்தவர்: பால் எர்லிக்

அலமாரியைத் தூசி தட்டியதும் அடுக்கடுக்காகத் தும்முபவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். அந்தத் தும்மலுக்குக் காரணமான செல்லுக்குப் பெயர் வைத்தவர்தான் பால் எர்லிக்.

1854-இல் அன்றைய ஜெர்மனியின் சைலீசியா பகுதியில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவம் படித்த காலத்திலேயே சாயங்களின் மேல் தீராத ஆர்வம். எந்தச் சாயம் உடலின் எந்தப் பகுதியில் ஒட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அப்படிப் பார்த்தபோது, துகள்கள் நிரம்பிய ஒருவகைச் செல் கண்ணில் பட்டது. நன்றாகத் தின்று கொழுத்தது என்று எண்ணி அதற்கு மாஸ்ட் செல் என்று பெயரிட்டார். அதன் வேலை என்ன என்பது அவருக்குத் தெரியவில்லை.

காசநோய் வந்து, எகிப்தில் தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பினார். அந்நாளில் தொண்டை அடைப்பான் நோயால் குழந்தைகள் ஏராளமாக இறந்தார்கள். அதற்குப் பெரிங் கண்ட மருந்து, ஒரு தடவை வேலை செய்யும், மறுதடவை செய்யாது. அதன் வீரியத்தை அளக்கச் சரியான அளவுகோலை உண்டாக்கியவர் எர்லிக். 1901-இல் நோபல் பரிசு பெரிங்குக்கு மட்டுமே கிடைத்தது.

எர்லிக் தன் வேலையைத் தொடர்ந்தார். செல்லின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன, நஞ்சு அதில் பூட்டும் சாவியும்போலப் பொருந்துகிறது, அந்த ஏற்பிகளே பெருகி இரத்தத்தில் கலந்து ஆன்டிபாடி ஆகின்றன என்று 1897-இல் சொன்னார். கண்ணால் காணாததைப் படமாகவும் வரைந்து காட்டினார். பலர் ஏற்கவில்லை. 1908-இல் மெச்னிகோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மேகநோய்க்கு அவர் கண்ட சால்வர்சான் மருந்து 1910-இல் விற்பனைக்கு வந்தது. 1915-இல் மறைந்தார்.

ஒவ்வாமையை உண்டாக்கும் ஐஜிஇ என்ற ஆன்டிபாடி 1960களில்தான் பிடிபட்டது. அது போய் அமரும் ஏற்பி, எர்லிக் பெயரிட்ட அதே மாஸ்ட் செல்லின் மேல் இருக்கிறது! ஆன்டிபாடியின் இரண்டு கால்களுக்கு நடுவே ஏற்பி பொருந்தியிருப்பதை 2000-இல் எக்ஸ் கதிர் கொண்டு படமாக்கினார்கள். எர்லிக்கின் படத்தில் விவரங்கள் தவறு. பொருந்துதல் என்ற கருத்து சரி.

பொருந்தினால் மட்டும் தும்மல் வராது. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி வேண்டுமே, அதுபோலத்தான். ஆன்டிபாடி ஒரு சாவி. தூசியிலுள்ள ஒவ்வாப் பொருள் வந்து பக்கத்துப் பக்கத்து ஆன்டிபாடிகளைச் சேர்த்துப் பிடிப்பது இரண்டாவது சாவி. உடனே செல் திறந்து ஹிஸ்டமினைக் கொட்டுகிறது.

முதல் சாவி நம் கையில் இல்லை. இரண்டாவதை ஓரளவு தடுக்கலாம். அடுத்தமுறை ஒட்டடை அடிக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.