எழுதப் படிக்கத் தெரியாத ஆலைச் சிறுவன், டோல்கினுக்கு ஆசிரியரான கதை

'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படம் பார்த்திருப்பீங்க. அந்தக் கதையை எழுதிய டோல்கினுக்கு ஆக்ஸ்ஃபர்டில் மொழியியல் சொல்லித்தந்தவர் ஜோசஃப் ரைட்.

1855இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷியரில் பிறந்தார். 6 வயதில் கல்குவாரியில் வேலை, அப்புறம் கம்பளி ஆலை. சுமார் 15 வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாது! சக தொழிலாளி போர்ச் செய்திகளை வாசிப்பதைக் கேட்டபோதுதான், தானும் படிக்கணும்னு தோன்றியது.

பிறகு ஜெர்மனி. செலவை மிச்சப்படுத்த, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஹைடல்பர்க்வரை நடந்தே போனார். 1885இல் அங்கே முனைவர் பட்டம்.

பழைய ஆங்கிலத்துக்கும் இடைக்கால ஆங்கிலத்துக்கும் இலக்கண நூல்கள் எழுதினார். அதைவிடத் துணிச்சலானது வேறொன்று. 1892இல் தம் ஊரான விண்ட்ஹில்லின் பேச்சுக்கே இலக்கணம் எழுதினார். பலர் கொச்சை என்று ஒதுக்கிய பேச்சு அது. அதற்கும் ஒழுங்கான விதிகள் இருக்குன்னு காட்டினார்.

ரயிலும் பள்ளிக்கூடமும் பரவப் பரவ, வட்டாரச் சொற்கள் மறைந்துகொண்டிருந்தன. நாடு முழுவதும் ஆர்வலர்கள் திரட்டியவற்றைத் தொகுத்து, 1898 முதல் 1905வரை 6 பெரிய தொகுதிகளாக வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். சொந்தப் பணத்தையும் போட்டார். அதற்கிடையே, 1901இல் ஆக்ஸ்ஃபர்டில் பேராசிரியரானார்.

1930இல் ரைட் காலமானார். அவருடைய அகராதியை இப்போது உங்கள் கைப்பேசியிலேயே தேடலாம். ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் பல்கலைக்கழகம் அதை இணையத்தில் ஏற்றியிருக்கிறது.