உங்கள் ஷூவில் ஒரு சுரிநாம்காரரின் கை

ஆம்பூர்க்காரன் என்று சொன்னால் அடுத்த கேள்வி பிரியாணியைப் பற்றித்தான் வரும். பாஸ்டன் பக்கம் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது, இன்னும் அதே கேள்விதான். எனக்கு ஆம்பூர் என்றால் தோல் வாசனை. அப்பா அங்கே ஒரு ஷூ கம்பெனியில் லாஸ்டிங் செக்‌ஷனில் முப்பது வருஷம் நின்றவர்.

அந்த வேலை தெரியாதவர்களுக்கு: லாஸ்ட் என்பது பாதத்தின் வடிவில் செய்த கட்டை. ஷூவின் மேல்பாகமான தோலை அதன்மீது போர்த்தி, சுருக்கம் விழாமல் கீழே இழுத்து, உள் சோலோடு பிடிக்க வைக்க வேண்டும். அதுதான் லாஸ்டிங். ஷூவுக்கு உருவம் வருவதே அந்த இடத்தில்தான். அப்பா நின்ற மெஷின் விரல் பக்கத்தைச் சில நொடிகளில் இழுத்து மடித்துவிடும்.

அந்த மெஷின்களுக்கெல்லாம் மூத்தது உருவான ஊர், பாஸ்டனிலிருந்து வடக்கே சுமார் பத்து மைல் தூரத்தில் இருக்கிறது என்பது எனக்குப் போன வருஷம்தான் தெரியும். ஊர் பெயர் லின். செய்தவர் யான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர். நம்மை மாதிரி வந்தேறிதான் அவரும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1852 செப்டம்பர் 15ஆம் தேதி, தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட சுரிநாமின் பரமாரிபோ நகரில் பிறந்தார். தகப்பன் டச்சு இன்ஜினியர், தாய் கறுப்பினப் பெண். அந்த நாட்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1863 ஜூலையில். அப்போது இவருக்குப் பத்து வயசு. அந்த வயசிலேயே அப்பா பார்த்துக்கொண்ட இயந்திரப் பட்டறையில் வேலை பழகத் தொடங்கிவிட்டார். பத்தொன்பது வயதில் கப்பல் ஏறினார். கடலில் இரண்டு வருஷம், பிறகு பிலடெல்பியாவில் கிடைத்த வேலை, கடைசியில் 1877இல் லின்.

லின் அப்போது ஷூ ஊர். மேல்பாகத்தைத் தைக்க மெஷின் வந்துவிட்டது, சோலைத் தைக்கவும் வந்துவிட்டது. நடுவில் லாஸ்டிங் மட்டும் கை வேலையாகவே நின்றது. கை தேர்ந்த ஒரு லாஸ்டர் பத்து மணி நேரம் உழைத்தால் ஐம்பது ஜோடி முடிப்பார். மொத்தத் தொழிற்சாலையும் அவருக்காகக் காத்திருக்கும். அதனால் லாஸ்டர்களுக்கு நல்ல கூலி, பலமான சங்கம். எங்கள் வேலையைச் செய்ய எந்த மெஷினாலும் முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஆணவம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. விரல் பக்கத்தில் தோல் வளைந்து மடியும் விதம் ஒவ்வொரு ஷூவிலும் மாறும். அதைக் கைதான் உணரும்.

மாட்செலிகர் அங்கே சோல் தைக்கும் மெஷின் ஓட்டினார். இங்கிலீஷ் அரைகுறைதான். பகலில் வேலை, ராத்திரி இங்கிலீஷ் வகுப்பு. பழைய புத்தகங்களை வாங்கி இயந்திர விஷயங்களைத் தானே படித்தார். பேச்சில் பின்தங்கியவர், பார்ப்பதில் முந்திக்கொண்டார். லாஸ்டர்களின் கை எப்படி இழுக்கிறது, எங்கே திருப்புகிறது, ஆணியை எந்த நேரத்தில் அடிக்கிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தார். முதல் வருஷம் மீட்டிங்கில் வாய் திறக்கப் பயந்து, மற்றவர்கள் செய்வதைப் பார்த்தே வேலை கற்றுக்கொண்டவன் நான். இந்த இடத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முதல் மாதிரியைச் சுருட்டுப் பெட்டி மரம், கம்பி, ஆணி இவற்றை வைத்துச் செய்தார். அதற்கு 50 டாலர் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். கொடுக்கவில்லை. அடுத்து இரும்பில் ஒன்றைச் செய்தபோது, அதில் ஒரு பகுதிக்கு மட்டும் 1,500 டாலர் பேசினார்கள். அதையும் மறுத்தார். சோளமாவுக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு, குளிர் அறையில் இருந்த மனுஷனுக்கு 1,500 டாலர் எவ்வளவு பெரிய தொகை என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் முழு மெஷின் செய்யப் பணம் வேண்டுமே. லின் நகரத்து முதலீட்டாளர்கள் இரண்டு பேர் முன்வந்தார்கள். விலை: மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்கு. தன் சொந்த யோசனையில் மூன்றில் ஒரு பங்குதான் இவருக்கு மிஞ்சியது.

காப்புரிமை அலுவலகத்துக்கு அனுப்பிய வரைபடங்கள் அங்கிருந்தவர்களுக்குப் பிடிபடவில்லை. அதிகாரி ஒருவர் லின்னுக்கே வந்து மாதிரி ஓடுவதைப் பார்த்துவிட்டுப் போனார். 1883 மார்ச் 20ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. எண் 274,207. 1885 மே 29ஆம் தேதி நடந்த சோதனையில் அந்த மெஷின் 75 ஜோடிகளை முடித்தது. பின்னால் ஒரு நாளைக்கு 700 ஜோடி வரை போனது. ஷூ விலை கிட்டத்தட்டப் பாதியாக இறங்கியது. நல்ல ஷூவை நினைத்தே பார்க்காத குடும்பங்கள் அதற்குப் பிறகுதான் வாங்கின.

இன்னொரு பக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். லாஸ்டர்களின் கைப்பழக்கத்துக்கு இருந்த மதிப்பு அந்த மெஷினோடு போய்விட்டது. அவர்கள் எதிர்த்தார்கள், கோபப்பட்டார்கள். கறுப்பர்களைத் திட்டும் ஓர் இழிசொல்லையே மெஷினுக்குப் பட்டப்பெயராக வைத்தார்கள். பிழைப்பு போகும் பயம் எனக்குப் புரிகிறது. அந்தப் பெயரை மன்னிக்க மனசு வரவில்லை.

அவர் நிறத்தைப் பார்த்து லின்னில் சில சர்ச்சுகளே அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நார்த் காங்கிரிகேஷனல் சர்ச்சின் இளைஞர்கள்தான் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அங்கே ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தார், ஓவியம் கற்றுக்கொடுத்தார். பிறகு காசநோய் வந்தது. படுக்கையில் கிடந்தபடியே மெஷினைத் திருத்திக்கொண்டிருந்தார். 1889 ஆகஸ்ட் 24ஆம் தேதி இறந்தபோது வயசு 36. கல்யாணம் ஆகவில்லை. அவர் போன பிறகும் அவர் பெயரில் காப்புரிமைகள் வந்துகொண்டிருந்தன.

காப்புரிமைக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தவை கம்பெனிப் பங்குகள். அதில் ஒரு பகுதியைத் தன்னை உள்ளே விட்ட அந்த சர்ச்சுக்கு எழுதி வைத்திருந்தார். 1904இல் அந்தப் பங்குகளை விற்று சர்ச் தன் கடனை அடைத்தது. மெஷினின் பெரிய லாபம் வேறு பக்கம் போனது. 1899இல் பல கம்பெனிகள் சேர்ந்து யுனைடெட் ஷூ மெஷினரி என்ற பேர் பெற்ற நிறுவனமாயின. மெஷின்களை விற்காமல் வாடகைக்கு விட்டே அது நாட்டின் ஷூ தொழிலைக் கையில் வைத்திருந்தது. மாட்செலிகர் முகத்தோடு அமெரிக்கத் தபால்தலை வந்தது 1991இல், இறந்து நூறு வருஷம் தாண்டிய பிறகு.

போன அக்டோபரில் மகளைக் கூட்டிக்கொண்டு லின்னில் அவர் கல்லறை இருக்கும் பைன் குரோவ் மயானத்துக்குப் போனேன். அவளுக்குப் பதினான்கு வயசு. இங்கே பிறந்தவள். கடைகளில் என் இங்கிலீஷ் உச்சரிப்பைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற வயசு. நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கதையை மட்டும் சொன்னேன். அந்த மூன்றில் இரண்டு பங்கு விஷயத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. நம்ம பிள்ளைகளுக்குக் கோடீஸ்வரர் கதைகள் நிறையவே தெரியும். கூடவே கூட்டாளிக்கு எவ்வளவு கொடுக்கிறோம், கையெழுத்துப் போடும் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கவும் அவர்கள் பழக வேண்டும். அதற்கு இந்தக் கதை உதவும்.

அன்று ராத்திரி அந்தக் காப்புரிமை வரைபடத்தை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உடனே போன் செய்தார். தோலைப் பிடித்து இழுக்கிற பிடி எது என்று தானாகவே கண்டுபிடித்துவிட்டார். ஆணி இருக்கிற இடத்தில் இப்போது சூடான பசை வந்துவிட்டது, இழுக்கிற வேலை மட்டும் அப்படியேதான் இருக்கிறது என்றார். கடைசியில், அந்த மனுஷனுக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டார்.

சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு பேத்தியிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.