தோற்பதைப் பார்க்கவே டிக்கெட் வாங்க வைத்தவர்: ரெஸ்லிங் வில்லன் 'கார்ஜியஸ்' ஜார்ஜ் உருவான கதை

டிவியில் ரெஸ்லிங் பார்த்து வளர்ந்தவரா நீங்கள்? அப்போ இந்தக் காட்சி உங்களுக்கு நல்லாவே தெரிந்திருக்கும். விளக்குகள் மங்குகின்றன. இசை ஒலிக்கிறது. தரையில் புரளும் பளபள அங்கியோடு ஒருவர் மெதுவாக, ரொம்ப மெதுவாக நடந்து வருகிறார். இன்னும் யாரையும் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குள் அரங்கமே அவரைப் பார்த்து ஊளையிடுகிறது.

இந்த வெறுப்பு தானாக வருவதில்லை. யார் ஜெயிப்பார் என்பது முன்கூட்டியே முடிவான ஆட்டத்தில், யாரை வெறுக்க வேண்டும் என்பதும் எழுதப்பட்டதுதான். ரெஸ்லிங் தொழிலில் வில்லனுக்கு 'ஹீல்' என்று பெயர். ஹீரோ 'பேபிஃபேஸ்'. இன்று இந்தப் பாத்திரங்களை எழுத பெரிய கம்பெனிகளில் தனி டீமே இருக்கிறது. 1940-களில் அப்படி யாரும் கிடையாது. அப்போது ஒரு கணவனும் மனைவியும் ஊசி, நூல், ஹேர்பின் இவற்றை வைத்துக்கொண்டே ஒரு வில்லனை உருவாக்கினார்கள். அவர்தான் 'கார்ஜியஸ்' ஜார்ஜ்.

35 சென்ட் மல்யுத்தம்

இயற்பெயர் ஜார்ஜ் ரேமண்ட் வாக்னர். 1915 மார்ச் 24-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள பியூட் என்ற சிற்றூரில் பிறந்தார். குடும்பம் பிழைப்புக்காக ஊர் ஊராக நகர்ந்து கடைசியில் டெக்சாஸின் ஹூஸ்டனுக்கு வந்து சேர்ந்தது. வறுமை. 14 வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டு கிடைத்த வேலையைச் செய்தார். திருவிழாக் கூடாரங்களில் மல்யுத்தம் ஆடினால், ஜெயிப்பவருக்கு 35 சென்ட் கிடைக்கும். அங்கேதான் தொழில் தொடங்கியது.

நல்ல திறமைசாலி. ஆனால் ஒரு சிக்கல். உயரம் சுமார் 5 அடி 9 அங்குலம்தான். மலை மாதிரி ஆட்கள் நிற்கும் தொழிலில் இந்த உடம்பை வைத்துக்கொண்டு போஸ்டரில் முதல் பெயராக வருவது கஷ்டம். பத்து வருடம் ஆடியும் பெரிதாக யாருக்கும் தெரியவில்லை.

1939-ல் ஆரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில், பெட்டி ஹான்சன் என்ற பெண்ணை மல்யுத்த ரிங்குக்குள்ளேயே திருமணம் செய்துகொண்டார். கூட்டம் அதை ரசித்தது. உடனே என்ன செய்தார்கள் தெரியுமா? அதே கல்யாணத்தை வேறு வேறு ஊர்களில் திரும்பத் திரும்ப நடத்திக் காட்டினார்கள்! ஆட்டத்தைவிட ஆட்டத்தைச் சுற்றியுள்ள கதைக்குத்தான் ஜனங்கள் காசு கொடுக்கிறார்கள் என்பது அந்தத் தம்பதிக்கு அப்போதே புரிந்துவிட்டது.

மடித்து வைத்த அங்கி

பெட்டியும் அவருடைய அம்மாவும் ஜார்ஜுக்கு அழகழகான அங்கிகளைத் தைத்துக் கொடுத்தார்கள். அதைக் கழற்றும்போது ஜார்ஜ் அவசரப்பட மாட்டார். நிதானமாக மடித்து, கசங்காமல் வைத்துவிட்டுத்தான் ஆட்டத்துக்கு வருவார். காத்திருந்த கூட்டத்துக்கு எரிச்சல் வந்தது. கத்தினார்கள். அவர் இன்னும் மெதுவாக மடித்தார். இன்னும் பலமாகக் கத்தினார்கள். இப்படித்தான் அந்தப் பாத்திரம் பிறந்தது என்று சொல்லப்படும் கதை இது. 1941-ல் அதே யூஜீன் நகரில் 'கார்ஜியஸ்' ஜார்ஜ், அதாவது 'பேரழகன்' ஜார்ஜ், முதன்முதலாக ரிங்குக்கு வந்தார்.

அன்றைக்கு ரெஸ்லிங்கில் ஒரு வில்லனை எழுத சுலபமான வழி ஒன்று இருந்தது: அவனை அந்நியனாக்கிவிடுவது. போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் ஜப்பானிய வில்லன், ஜெர்மானிய வில்லன் என்று ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். பின்னாளில் நாஜி சாயலில் வந்து கூட்டத்தைக் கொதிக்க வைத்த 'ஹான்ஸ் ஷ்மிட்' உண்மையில் கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்தவர்! செய்தித்தாளில் இருக்கும் எதிரியை அப்படியே ரிங்குக்குள் இறக்கிவிட்டால் போதும். சோம்பேறித்தனமான எழுத்துதான், ஆனால் நன்றாக ஓடியது.

ஜார்ஜ் அந்த வழியில் போகவில்லை. அவர் உள்ளூர் அமெரிக்கர். முடியை நீளமாக வளர்த்து, பொன்னிறமாக்கி, சுருள் சுருளாக அமைத்துக்கொண்டார். நடந்துவர சிவப்புக் கம்பளம். பின்னணியில் எல்கரின் 'பாம்ப் அண்ட் சர்கம்ஸ்டன்ஸ்' அணிவகுப்பு இசை, அமெரிக்கப் பட்டமளிப்பு விழாக்களில் கேட்கும் அதே இசை. முன்னால் கோட்டு சூட்டு போட்ட ஒரு பணியாள் ரிங்கில் வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டே வருவார். நடுவரின் கைகளுக்கும் ஸ்பிரே அடித்த பிறகுதான் ஜார்ஜைத் தொட அனுமதி. தங்க நிற ஹேர்பின்களை முடியிலிருந்து எடுத்துக் கூட்டத்தை நோக்கி வீசுவார். அதற்கு 'ஜார்ஜி பின்' என்று பெயர் வேறு.

போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் ஆலைத் தொழிலாளர்களும் உட்கார்ந்திருந்த அரங்கம் அது. ஆண் என்றால் முரடாக இருக்கணும், அலங்காரம் செய்துகொள்ளக் கூடாது என்று நம்பிய கூட்டம். அந்த நம்பிக்கையைத்தான் ஜார்ஜ் குறிவைத்துச் சீண்டினார். பெண்மை கலந்த ஆண்களைக் கேலி செய்யும் அந்தக் கால மனநிலையை அவர் காசாக்கினார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று அதே பாத்திரத்தை எழுதினால் நெருடும். நெருடவும் வேண்டும்.

ஆட்டம் தொடங்கினால்? கண்ணைக் குத்துவார், முடியைப் பிடித்து இழுப்பார். மாட்டிக்கொண்டால் மண்டியிட்டுக் கெஞ்சுவார். எதிராளி இரக்கப்பட்டுத் திரும்பினால் முதுகில் அடிப்பார். அவ்வளவு பெரிய ராஜநடை, உள்ளே இவ்வளவு கோழைத்தனம். இந்த இடைவெளிதான் ஹீல் எழுத்தின் உயிர். வெறும் பலசாலியாக இருக்கும் வில்லனைப் பார்த்தால் பயம்தான் வரும். தகுதிக்கு மீறித் திமிர் காட்டுபவனைப் பார்த்தால்தான் அவன் விழுவதைப் பார்க்கும் ஆசை வரும். அந்த ஆசைதான் அடுத்த வார டிக்கெட்.

டிவி வந்தது, ஜார்ஜ் வீட்டுக்குள் வந்தார்

1947 நவம்பர் 11 அன்று ஜார்ஜ் முதன்முதலில் டிவியில் தோன்றினார். அப்போது டிவியே புதுசு. ஒளிபரப்ப நிகழ்ச்சிகள் இல்லாமல் நிலையங்கள் தவித்த காலம். ரெஸ்லிங் அவர்களுக்கு வரப்பிரசாதம். ஒரு சின்ன சதுர மேடை, மேலே பளிச்சென்ற விளக்கு, ஒன்றிரண்டு கேமரா இருந்தால் போதும். கறுப்பு வெள்ளையிலும் அந்தப் பொன்னிற முடி பளிச்சென்று தெரியும்.

அவரைப் பார்ப்பதற்காகவே டிவி பெட்டி வாங்குகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியதாகச் சொல்லப்பட்டது. பேஸ்பால் நட்சத்திரம் ஜோ டிமாஜியோவே 1949-ல்தான் அந்த லட்சத்தைத் தொட்டார். எல்லா இடத்திலும் எடுபட்டது என்றும் சொல்ல முடியாது. 1949 பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆடியபோது எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை.

ஒரு கட்டத்தில் சட்டப்படியே தன் பெயரை 'கார்ஜியஸ் ஜார்ஜ்' என்று மாற்றிக்கொண்டார். அதன் பிறகு வாக்னர் என்று ஒருவர் காகிதத்தில்கூட இல்லை.

கேட்டுக்கொண்டிருந்த 19 வயது இளைஞர்

1961 ஜூன், லாஸ் வேகாஸ். ஒரு குத்துச்சண்டை ஆட்டத்துக்காக வந்திருந்த 19 வயது இளைஞர், ரேடியோ பேட்டியில் ஜார்ஜைச் சந்தித்தார். எதிராளியை என்னவெல்லாம் செய்யப்போகிறேன், தோற்றால் என் அழகிய முடியையே வெட்டிக்கொள்கிறேன் என்றெல்லாம் ஜார்ஜ் அளந்துவிட்டார். ஆட்டத்தன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. முக்கால்வாசிப் பேர் ஜார்ஜ் உதைபடுவதைப் பார்க்க வந்தவர்கள். ஆனால் அவர்களும் டிக்கெட் வாங்கித்தானே வந்திருக்கிறார்கள்! அந்த இளைஞர் இதைக் கவனித்தார். அவர் பெயர் கேசியஸ் கிளே. பிறகு முகமது அலி. தன் வாய்ச்சவடாலுக்கு விதை எங்கிருந்து கிடைத்தது என்பதை அலியே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

முடிதான் பந்தயம்

வில்லனை எழுதுபவருக்கு ஒரு கடன் உண்டு. வருடக்கணக்கில் கூட்டத்தைக் கடுப்பேற்றினால், ஒருநாள் அந்தக் கணக்கைத் தீர்த்தே ஆக வேண்டும். ஜார்ஜிடம் கூட்டம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த முடி.

1959 மார்ச் 12, டொரன்டோ, மேப்பிள் லீஃப் கார்டன்ஸ். எதிரே விப்பர் பில்லி வாட்சன், நிஜ வாழ்க்கையில் ஜார்ஜின் நண்பர். பந்தயப்படி ஜார்ஜ் தோற்றார். நிறைந்த அரங்கின் நடுவே அவர் தலை மழிக்கப்பட்டது. இருபது வருடமாகச் சேர்த்து வைத்த வெறுப்பு முழுவதும் ஒரே ராத்திரியில் ஆரவாரமாக மாறியது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. கலிஃபோர்னியாவின் பியூமான்ட் அருகே 195 ஏக்கரில் வான்கோழிப் பண்ணை வைத்திருந்தார். வான் நைஸில் மதுவிடுதி நடத்தினார். ஆனால் குடி அவரை விழுங்கியது. இரண்டு திருமணங்களும் முறிந்தன. கல்லீரல் கெட்டது. பணம் தேவைப்பட்டது. விற்பதற்கு மிச்சம் இருந்ததோ மறுபடியும் வளர்ந்திருந்த அதே முடிதான்.

1962 நவம்பர் 7, லாஸ் ஏஞ்சலிஸ், ஒலிம்பிக் ஆடிட்டோரியம். முகமூடி வீரர் 'டெஸ்ட்ராயர்' டிக் பெயர் தன் முகமூடியைப் பந்தயம் வைத்தார். ஜார்ஜ் முடியை வைத்தார். ஜார்ஜுக்கு அப்போது 47 வயது. இரண்டாம் முறையும் கத்தி தலையில் ஓடியது. அதுவே கடைசி ஆட்டம். அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 1963 டிசம்பர் 26-ல் மாரடைப்பால் இறந்தார். வயது 48. சம்பாதித்த பணம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

ரிக் ஃப்ளேரின் அங்கி, ராண்டி சாவேஜ் நடந்துவந்த அதே 'பாம்ப் அண்ட் சர்கம்ஸ்டன்ஸ்' இசை என்று அவர் விட்டுச்சென்றதை அடுத்தடுத்த தலைமுறை எடுத்துக்கொண்டது. 2010-ல் டபிள்யூடபிள்யூஇ அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது. மேடையில் அவரை அறிமுகம் செய்தவர், கடைசியாக அவர் முடியைப் பந்தயத்தில் ஜெயித்த டெஸ்ட்ராயர். அவர் சார்பில் கௌரவத்தைப் பெற்றுக்கொண்டவர் முதல் அங்கிகளைத் தைத்த பெட்டி.