தொண்டையை அளந்த மேதை கலீல் இப்னு அஹ்மது (ரஹ்)

டன்லப் ஸ்திரீட் அப்துல் கபூர் பள்ளிவாசலை அறியாதவர் நம்மில் இல்லை. 1979ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அப்பள்ளியின் பெயரிலேயே தொண்டை எழுத்துக்கள் இரண்டு உள்ளன. அப்து என்பதன் முதலில் ஐன். கபூர் என்பதன் முதலில் கைன். தமிழில் எழுதும்போது ஐன் வெறும் அகரமாகிறது; கைன் ககரமாகிறது. எழுதுவதில் குற்றமில்லை. ஓதும்போதும் அப்படியே ஓதினால்தான் வம்பு. அலீம் என்பதை ஐன் கொண்டு ஓதினால் யாவும் அறிந்தவன் என்று பொருள். ஹம்ஸா கொண்டு ஓதினால் நோவினை தருவது என்று பொருள். இரண்டையும் ஒன்றாக ஓதி மதரஸாவில் பிரம்படி வாங்கியவன் நான்.

இவ்வெழுத்துக்களின் இருப்பிடத்தை அளந்து தந்தவர்கள் கலீல் இப்னு அஹ்மது அவர்கள். ஹிஜ்ரி 100 (கி.பி. 718) வாக்கில் ஓமானில் பிறந்து, இராக்கின் பஸராவில் கற்று, அங்கேயே கற்பித்தார்கள். நம் சிங்கப்பூரைப் போல் பல நாட்டவரும் வியாபாரத்துக்கு வந்து கலந்த ஊர் அது.

அன்னார் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னே ஓர் அகரம் வைத்துச் சொல்லி, ஒலி எங்கே நிற்கிறதென்று தம் வாயிலேயே சோதித்தார்கள். தொண்டையின் ஆழத்தில் தொடங்கி உதடு வரை எழுத்துக்களை வரிசைப்படுத்தினார்கள். ஹம்ஸா நிலைமாறுவது, ஹே மெலிந்தது என்று கருதி, ஐனை முதலில் வைத்தார்கள். அவ்வரிசையில் அமைந்த அகராதிக்குக் கிதாபுல் ஐன் என்றே பெயர். அரபு மொழியின் முதல் அகராதி அது. அதை நிறைவு செய்தவர் மாணவர் லைது என்பர். நாம் இன்று எழுதும் ஹம்ஸாக் குறியும் ஐனின் தலையை எடுத்து அன்னார் அமைத்ததேயாம்.

மற்றொரு மாணவர் பாரசீகரான சீபவைஹி. தொண்டையின் அடியில் ஹம்ஸாவும் ஹேயும், நடுவில் ஐனும் ஹாவும், வாய்ப்பக்கம் கைனும் காவும் என்று அவர் வகுத்தார். நூன் ஸாக்கினுக்குப் பின் இவ்வாறில் ஒன்று வந்தால் நூனைத் தெளிவாக ஓத வேண்டுமென்று நம் பிள்ளைகள் படிக்கிறார்களே, அந்த ஆறு எழுத்துக்கள் இவைதாம். நம் தொல்காப்பியரும் நெஞ்சு, கழுத்து, பல், உதடு என ஒலி பிறக்குமிடங்களைச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஐனுக்கும் ஹாவுக்கும் தமிழில் எழுத்தில்லை. ஆகவே தமிழெழுத்தில் அச்சிட்டதைப் பார்த்து மட்டும் ஓதினால் போதாது. நன்கு ஓதுபவரிடம் காதால் கேட்டே பழகவேண்டும்.

இத்தனை கல்வி இருந்தும் கலீல் அவர்கள் ஏழையாகவே நாணற் குடிசையில் வாழ்ந்தார்கள். ஆளுநர் ஒருவர் ஆளனுப்பி அழைத்தபோது, காய்ந்த ரொட்டியைக் காட்டி, இது உள்ளவரை ஆளுநர் தயவு வேண்டாமென்று திருப்பியனுப்பினார்களாம்.

அன்னாரின் முடிவோ நம் போன்ற கடைக்காரர் மனத்தில் இருத்தவேண்டியது. கடைக்குப் போகும் ஒரு வேலைக்காரச் சிறுமியைக்கூட மளிகைக்காரன் ஏமாற்ற முடியாதபடி எளிய கணக்குமுறை காண எண்ணினார்கள். அச்சிந்தனையிலேயே பள்ளிவாசலுள் நுழைந்து, தூணில் மோதி, அதனாலேயே ஹிஜ்ரி 170 (கி.பி. 786) வாக்கில் வபாத்தானார்கள் என்று வரலாறு எழுதியோர் கூறுவர்.

எழுத்துக்கு அதன் ஹக்கைக் கொடுப்பதே தஜ்வீது. வாங்க வருபவருக்கு அவர் ஹக்கைக் கொடுப்பதே வியாபாரம். இரண்டிலும் எடை குறையாதிருக்க அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.